அண்ணாச்சி, அது ரெய்டு இல்லை

அம்பாசமுத்திரத்து அரிசிக்கடை அண்ணாச்சிக்கு: வியாபாரத்தில் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையத்தின் விழிப்புணர்வுக் கூட்டத்துக்கு அழைப்பு வந்திருக்கிறது, போனால் மாட்டிக்கொள்வோமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். ஆணையம் விழிப்புணர்வும் பயிற்சியும் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 49-ஆவது பிரிவே சொல்கிறது. விசாரணை வேறு கதை.

எனக்கு உறுத்துவது நீங்கள் போகிறபோக்கில் சொன்னதுதான். ‘பொன்னியை இந்த விலைக்குக் கீழே யாரும் கொடுக்கக் கூடாது’ என்று சங்க வாட்ஸப் குழுவில் வந்த செய்தி, அதற்கு நீங்கள் போட்ட கட்டைவிரல். அது, வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்கும் 3-ஆவது பிரிவில் இடிக்கும். அதை ஒப்பந்தம் என்று சொல்லக் கையெழுத்தே வேண்டாம், வாய்ப்பேச்சு போதும். செய்தியை அழிக்காதீர்கள். ‘என் கடை விலையை நானே வைத்துக்கொள்கிறேன்’ என்று அங்கேயே எழுதிவிடுங்கள். அப்புறம் வக்கீலிடம் 46-ஆவது பிரிவைக் கேளுங்கள். முந்திப்போய் உள்ளதைச் சொல்பவருக்கு அபராதம் குறைய வழி உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்று இதையெல்லாம் அவிழ்த்துவிடாதீர்கள், சரியா?