பன்னிரண்டு நிமிடம்

வணக்கம் அண்ணே,

நான் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் கூலிக்குப் போகிறவன். வயது 34. இந்த வருடம் மீன்பிடித் தடைக்காலத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மே தொடக்கத்தில் ஓட ஆரம்பித்தேன். தினமும் கரை மணலில், வெறுங்காலோடு, காலை ஏழு மணிக்கு மேல். முதல் தடவை போனில் பார்த்தபோது ஐந்து கிலோமீட்டருக்கு 44 நிமிடம். தினமும் உயிரைக் கொடுத்து ஓடியும் ஜூன் பாதி வரை 40க்குக் கீழே இறங்கவில்லை. இப்போது வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போய்விடுவதால் இரண்டு நாள்தான் ஓட்டம். மச்சான் தனுஷ்கோடியில் சங்குக் கடை வைத்திருக்கிறார். விடிந்ததும் அவர் வண்டியில் போய் முகுந்தராயர் சத்திரத்தில் இறங்கி, ரோட்டிலேயே தனுஷ்கோடியைப் பார்த்து ஓடுவேன், அவர் சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பும்போது கூட வந்துவிடுவேன். போன வாரம் 32 நிமிடம்! ஓட்டத்தைக் குறைத்த பிறகு வேகம் எப்படிக் கூடும்? போன் தப்பாகக் காட்டுகிறதா? இப்படியே போனால் பொங்கலுக்குள் 25க்கு வந்துவிடலாமா? முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் லேசாக வலி இருக்கிறது, பழகினால் போய்விடும் என்று நினைக்கிறேன்.

ஒரு வாசகர், ராமேஸ்வரம்

அன்புள்ள தம்பி,

போன் ஐம்பது, நூறு மீட்டர் முன்னே பின்னே காட்டும், அதற்காகப் பன்னிரண்டு நிமிடத்தை விழுங்கிவிடாது. சந்தேகமென்றால் ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லை வைத்து ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 32 நிமிடம் நீங்கள் ஓடியதுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் உங்கள் காலிலிருந்து வரவில்லை, அதைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் தரை. கால் புதையும் மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைப்போல ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகிறது என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒன்றரை மாதம் அதில் கிடந்துவிட்டு தார் ரோட்டுக்கு ஏறியிருக்கிறீர்கள். 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு திறப்பதற்கு முன்னால் வந்திருந்தால் அங்கேயும் மணல்தான், வேனிலேயே குலுங்கிக் குலுங்கித்தான் போவோம், 32 எல்லாம் கனவு.

அப்புறம் காற்று. காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான், இருந்தாலும் கேட்கிறேன்: இது மேற்குப் பக்கமிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலமா இல்லையா? சத்திரத்திலிருந்து தனுஷ்கோடியைப் பார்த்து ஓடினால் கச்சான் உங்கள் முதுகில் சாய்வாகத் தள்ளுகிறது. திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும், ஆனால் திரும்பும்போது நீங்கள் மச்சான் வண்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! கடலில் இந்தக் கணக்கைத் தூக்கத்தில்கூடப் போடுகிறவர், கரையில் மறந்துவிட்டீர்கள். அதோடு அக்னி நட்சத்திரத்தில் ஏழு மணி வெயிலில் ஓடியதும் இப்போது விடியற்காலையில் ஓடுவதும் ஒன்றா? வெயிலில் உடம்பு ரத்தத்தில் ஒரு பங்கைத் தோலைக் குளிர்விக்கத் திருப்பிவிடும், கால் தசைக்குப் போவது குறையும்.

இதையெல்லாம் கழித்தாலும் மிச்சம் இருக்கிறது, அது முழுக்க உங்களுடையது. ஓட ஆரம்பித்த ஓரிரு வாரத்திலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடும், இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளுகிற ரத்தம் அதிகமாகும். அடுத்த சில வாரங்களில் தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகும், எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும், எது சும்மா இருக்க வேண்டும் என்று நரம்பு கற்றுக்கொள்ளும். வலை இழுக்கிறவனுக்கு 44 நிமிடமா என்று முதலில் உங்களுக்கே வெட்கமாக இருந்திருக்கும். வலை இழுப்பதில் தோளும் முதுகும்தான் பழகியிருக்கின்றன, அரைமணி நேரம் விடாமல் ஓடுகிற வேலையை உடம்பு செய்ததே இல்லை. அதனால்தான் புதிதாக ஓடுகிறவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் கிடைக்கிறது, பத்து வருடம் ஓடியவருக்குக் கிடைக்காது.

ஓட்டத்தைக் குறைத்த பிறகு வேகம் எப்படிக் கூடும் என்றீர்களே, அதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. மே, ஜூனிலேயே உடம்பு தேறிக்கொண்டுதான் இருந்தது. தினமும் உயிரைக் கொடுத்ததால் களைப்பு அதை மேலே வரவிடவில்லை. கடல் உங்களுக்குக் கட்டாய ஓய்வு கொடுத்தது (கடலில் நிற்பதை ஓய்வு என்று சொன்னால் அடிக்க வருவீர்கள், காலுக்கு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்). களைப்பு இறங்கியதும் வேகம் வெளியே தெரிந்தது. பந்தயத்துக்கு முன்பு ஓட்டக்காரர்கள் வேண்டுமென்றே இரண்டு வாரம் தூரத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

சரி, இப்போது நீங்கள் போகிற போக்கில் கடைசியாகச் சொன்ன முன்னெலும்பு வலி. எனக்குக் கவலை அங்கேதான். வெறுங்காலில் மணலில் பழகிவிட்டுத் திடீரென்று தாரில் வேகமாக இறங்கினால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் நேராக அந்த எலும்புக்குத்தான் போகும். நேரத்தைக் குறைத்துக் கொடுத்த அதே ரோடுதான் வலியையும் கொடுத்திருக்கிறது. இதயமும் ரத்தமும் வாரக் கணக்கில் தேறுகின்றன, எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதங்கள் வேண்டும். தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி இற்றுப்போன பலகையைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பலகை அடிப்பீர்களே, எலும்பும் அப்படித்தான், பழையதை அரித்தெடுத்துவிட்டு அப்புறம்தான் புதிதாகக் கட்டும். பலகை பிடுங்கிய படகைக் கடலில் இறக்குவீர்களா?

நான் இறக்கினேன். ஓட ஆரம்பித்த முதல் வருடம், தேவிபட்டினம் ரோட்டில், இதே சந்தோஷத்தில், இதே வலியோடு, பழகினால் போய்விடும் என்று ஒரு மாதம் ஓடினேன். கடைசியில் மாடிப்படி ஏறவே கைப்பிடி தேவைப்பட்டது. இரண்டரை மாதம் ஓட்டமே இல்லை. வீட்டில் சந்தோஷப்பட்டார்கள், அது வேறு கதை.

அதனால் விரலால் எலும்பை மேலிருந்து கீழாக அழுத்திப் பாருங்கள். வலி ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக இருந்தால் இரண்டு வாரம் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், அப்புறம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில், ஷூ போட்டுக்கொண்டு, மெதுவாகத் தொடங்குங்கள். ஒரே புள்ளியில் சுரீரென்று வலித்தாலோ, ராத்திரி படுத்திருக்கும்போது வலித்தாலோ எலும்பு மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் உடனே ஓடாதீர்கள், நூல் போன்ற விரிசல் ஆரம்பத்தில் பல நேரம் எக்ஸ்ரேயில் தெரியாது.

பொங்கலுக்குள் 25 வேண்டாம். முதல் பாய்ச்சல் முடிந்துவிட்டது, இனி அரை நிமிடம் குறைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். வலி சரியான பிறகு, கச்சான் ஓய்வதற்குள், ஒரு நாள் மச்சானோடு தனுஷ்கோடி வரை போய் இறங்கி அங்கிருந்து சத்திரத்தை நோக்கி ஓடிப் பாருங்கள். எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். என் கணக்கு 35க்கும் 36க்கும் நடுவில்.