டிக்கெட்டை இப்போதே வாங்கிவிடாதீர்கள்

வணக்கம். கென்யக் கடவுச்சீட்டுடன் டிசம்பரில் ரோமில் 3 நாள், பிறகு பாரிஸில் 5 நாள் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் ரோமில் இறங்கினாலும் ஷெங்கன் விசாவை, அதாவது ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் செல்லும் ஒரே விசாவை, பிரான்ஸிடம்தான் கேட்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாடுதான் கணக்கு; நாட்கள் சமமானால் மட்டுமே முதலில் இறங்கும் நாடு.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். டிசம்பர் கூட்டம் அதிகம், ஆகவே தாமதிக்காதீர்கள். விசா வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம். முன்பதிவு காட்டினால் போதும்.

அண்ணனிடம் 2 லட்சம் ஷில்லிங் வாங்கி வங்கிக் கணக்கில் போடலாமா என்று கேட்டீர்கள். தயவுசெய்து வேண்டாம். திடீரென்று வந்து விழும் பெருந்தொகைதான் அதிகாரியின் கண்ணில் முதலில் உறுத்தும். உங்கள் கடை வரவு பெரும்பாலும் எம்-பெசா என்னும் கைபேசிப் பணச் சேவையில் வருகிறது என்கிறீர்களே, அந்தக் கணக்கு அறிக்கையையும் கடைப் பதிவுச் சான்றிதழையும் வங்கி அறிக்கையோடு சேர்த்துக் கொடுங்கள். சிறு தொகையானாலும் மாதாமாதம் வரும் வரவு உங்களுக்காகப் பேசும். ஊரில் தொழில் இருக்கிறது, திரும்பி வருவீர்கள் என்பதையும் அதுவே காட்டும்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கட்டும். கடவுச்சீட்டு, நீங்கள் ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். அதை இன்றே எடுத்துப் பாருங்கள்.