காற்று, வெக்கை, கூரைத் தகரம்: கேள்வி பதில்

வன்னியிலிருந்து வந்த கேள்விகளுக்கு பௌதிகவியல் ரீச்சர் ஒருவர் தந்த பதில்கள்.

கிளிநொச்சி: ரீச்சர், ஃபானைப் போட்டுவிட்டு வெளியில போய் வந்தால் அறை குளிர்ந்திருக்குமோ?

இல்லை, நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ. ஃபான் காற்றைக் குளிராக்காது. மோட்டரின்ர சூடுதான் அறையில சேரும். குளிர்றது ஆள்தான். தோலை ஒட்டி, வியர்வை ஆவியோட ஒரு சூடான காற்றுப்படலம் நிக்கும். ஃபான் அதைத் தள்ளிவிட வியர்வை கெதியாக ஆவியாகும். ஒரு லீற்றர் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோயூல் வெப்பம் வேணும். அதில பெரும்பகுதி உடம்பில இருந்துதான் போகுது.

மாங்குளம்: சித்திரை வெயிலில ஃபானுக்குக் கீழ இருந்தும் நெருப்புக் காற்றுத்தான். அம்மாவுக்கு 80 வயது, தகரக் கொட்டில்.

தோலின்ர வெப்பநிலை 35 பாகை அளவு. காற்று அதைத் தாண்டினால் சூட்டை எடுக்காது, தரும். பிறகு வியர்வை மட்டும்தான் துணை. வயது போன ஆக்களுக்கு அது குறைவாகத்தான் வரும். அம்மாவை ஈரத் துவாயால துடைச்சுவிட்டு ஃபானைப் போடுங்கோ, தண்ணி அடிக்கடி குடுங்கோ. மத்தியானத்தில கொட்டிலுக்குள்ள விடாதேங்கோ, மரநிழலில கட்டிலைப் போடுங்கோ. இதைக் கட்டாயம் செய்யுங்கோ.

முல்லைத்தீவு: பின்னேரம் கடல்காற்று ஏன் வருது?

தரை கடலை விடக் கெதியாகச் சூடாகும். சூடான காற்று மேல எழும்ப தரையில அமுக்கம் குறையும், கடல் பக்கத்துக் காற்று உள்ள வரும். இரவில மறுவளம்.

ஓமந்தை: ஏ-9 வீதியில சைக்கிளில போகேக்க பஸ் முந்தினால் ஆளை அதின்ர பக்கம் இழுக்குதே?

முதல்ல பஸ்ஸின்ர முகப்பு தள்ளுற காற்று உங்களை வெளியில தள்ளும். நீங்கள் அதுக்கு எதிராகச் சாய, பக்கவாட்டில வேகமாக ஓடுற காற்றில அமுக்கம் குறைஞ்சு உள்ள இழுக்கும். விழுறது அந்த நேரத்திலதான். ஹாண்டிலை இறுக்கிப் பிடிச்சு, சாயாமல் கரையால போங்கோ.

புதுக்குடியிருப்பு: 2020 டிசம்பரில புரெவிப் புயல் வரேக்க, யன்னலைத் திறந்து விட்டால் அமுக்கம் சமனாகும், கூரை தப்பும் எண்டு சொல்லிச்சினம். உண்மையோ?

உண்மை இல்லை, ஆபத்து. காற்று கூரை விளிம்பில முட்டி ஏறுற இடத்தில வேகம் கூடி அமுக்கம் குறையும். தகரத்தை அது மேல உறிஞ்சும். காற்று வாற பக்கத்து யன்னல் திறந்திருந்தால் உள்ள புகுந்தது கீழ இருந்தும் தள்ளும். மணிக்கு 100 கிலோமீற்றர் காற்றின்ர அமுக்கம் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 45 கிலோ பாரம். மூலைகளில அதை விடக் கூட உறிஞ்சும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. எல்லாத்தையும் பூட்டி வையுங்கோ.

அதே ஆள்: கூரைக்கு மேல மண்மூட்டை வைச்சால் காணுமோ?

காணாது. ஏணி வைச்சு ஏறி ஆணி ஓட்டைகளைப் பாருங்கோ. துரு ஏறி நீளமாகக் கிழிஞ்ச ஓட்டை எண்டால், ஆணி இருந்தாலும் தகரம் அதைவிட்டுக் கழண்டு வந்திடும். பக்கத்தில புது ஆணியை அகலமான வாசரோட அடியுங்கோ. விளிம்பிலயும் மூலையிலயும் முகட்டிலயும் நெருக்கமாக வேணும். தகரம் சிலாகையில (தகரத்தை அடிக்கிற மரச்சட்டம்) இறுகினால் மட்டும் போதாது; சிலாகையை வளையோடயும் (கூரையைத் தாங்குற பெரிய மரம்), வளையைத் தூணோடயும் கம்பியால முறுக்கிக் கட்டுங்கோ. ஐப்பசிக்கு முன்னமே செய்து முடியுங்கோ.