கழுத்தில் அடிபட்டால் மூச்சுக்குழாய் கிழிந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

துப்பட்டா பைக் சக்கரத்தில் சிக்கிக் கழுத்தை இறுக்கிய பெண் நன்றாகப் பேசுகிறாரே, மருத்துவமனைக்கு ஏன் ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் ஓடுங்கள். வெளியே சிராய்ப்பு மட்டும் இருக்க, உள்ளே குழாய் அறுந்திருக்கலாம்.

குரல் கம்முவது, சளியில் ரத்தம், மூச்சை இழுக்கும்போது கீச்சொலி ஆகியவை எச்சரிக்கைகள். கழுத்துத் தோலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். மெல்ல அழுத்தினால் அடியில் பொரி நொறுங்குவதுபோல நறநறக்கும். கிழிசல் வழியே கசிந்த காற்று அது.

சி.டி. ஸ்கேன் உதவும் என்றாலும், கேமரா பொருத்திய மெல்லிய குழாயை மூச்சுக்குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பிதான் கிழிசலை நேரில் காட்டும். கண்ணை மூடிக்கொண்டு செயற்கைச் சுவாசக் குழாயைச் செருகினால், பாதி அறுந்தது முழுதாக அறுந்துவிடக்கூடும். ஆகவே முடிந்தவரை அந்தக் கேமராக் குழாயின் மீதே சுவாசக் குழாயைக் கோத்து, கிழிசலுக்குக் கீழே வரை பார்த்துப் பார்த்து இறக்குகிறார்கள். இயலாவிட்டால் கழுத்தில் துளையிட்டு வழி அமைப்பார்கள். விளிம்புகள் ஒட்டியிருக்கும் சிறு கிழிசல் கண்காணிப்பிலேயே ஆறிவிடலாம். பெரியதைத் தைத்தாக வேண்டும்.

உட்கார்ந்தால்தான் மூச்சு வருகிறது என்பவரைத் தயவுசெய்து படுக்கவைக்காதீர்கள். கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.