மெஷ்ஷில் எத்தனை செல் போதும்?

கப்பல் வடிவமைப்பு படிக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கேசிஎஸ் என்ற, ஆய்வுக்கான கொள்கலன் கப்பலின் 7.28 மீட்டர் மாதிரிக்கு ஓப்பன்ஃபோம் மென்பொருளில் நீர்த்தடை கணக்கிடுகிறேன். 10 லட்சம் செல்லில் ஒரு விடை, 28 லட்சத்தில் வேறொரு விடை. எத்தனை செல் இருந்தால் நம்பலாம்?"

மெஷ் என்பது கப்பலைச் சுற்றியுள்ள நீரையும் காற்றையும் கணக்குக்காகப் பிரிக்கும் வலை; அதன் ஒவ்வொரு சிறு கட்டமும் ஒரு செல். மொத்த எண்ணிக்கையை வைத்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. 28 லட்சத்தில் பாதியைக் காற்றுப் பகுதியில் கொட்டியிருந்தால் பயனில்லை. செல்லின் அளவைத் தீர்மானிப்பவை அலைநீளமும், கப்பல் உடலை ஒட்டிய எல்லைப் படலமும் (உராய்வால் நீரின் வேகம் மாறும் மெல்லிய அடுக்கு). இரண்டையும் மென்பொருளைத் திறக்கும் முன்பே தாளில் கணக்கிட்டுவிடலாம்.

ஃப்ரூட் எண் (வேகத்தைக் கப்பலின் நீளத்தோடு ஒப்பிடும் எண்) 0.26 என்றால் மாதிரியின் வேகம் வினாடிக்கு 2.196 மீட்டர். அதன் வர்க்கத்தை 6.28ஆல் பெருக்கி 9.81ஆல் வகுத்தால் கப்பலின் பின்னால் குறுக்காக எழும் அலையின் நீளம் ஏறத்தாழ 3.09 மீட்டர். ஐடிடிசி (கப்பல் சோதனைத் தொட்டிகளின் சர்வதேச அமைப்பு) வழிகாட்டி ஓர் அலைநீளத்துக்குக் குறைந்தது 40 புள்ளிகள் கேட்கிறது. ஆக, நீர்மட்டத்தில் செல்லின் நீளம் 7.7 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் முகப்பிலிருந்து விரிந்து செல்லும் அலைகள் இதைவிடக் குட்டையானவை. கெல்வின் ஆப்பின் (கப்பலின் பின்னே V வடிவில் விரியும் அலைத்தடம்) விளிம்பில் அலைநீளம் மூன்றில் இரண்டு பங்குதான். கப்பலுக்கு அருகே 5 சென்டிமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். உயரவாக்கில் கணக்கு வேறு: அலை ஏறி இறங்கும் பட்டைக்குள் மட்டும் 20 செல்லாவது வேண்டும், அதாவது மில்லிமீட்டர் அளவில். கனசதுரச் செல்களாகவே நுணுக்கினால் எண்ணிக்கை எகிறிவிடும். செங்குத்துத் திசையில் மட்டும் பிரித்துத் தட்டையான செல்களாக்குங்கள்.

அடுத்து எல்லைப் படலம். சுவர்ச் சார்பு (உடலை ஒட்டிய ஓட்டத்தைச் சூத்திரத்தால் மதிப்பிடும் முறை) பயன்படுத்தினால் ஒய் பிளஸ் (உடலிலிருந்து உள்ள தூரத்தை அலகில்லாமல் சொல்லும் எண்) மதிப்பு 30க்கும் 100க்கும் இடையே இருக்க வேண்டும். உங்கள் மாதிரிக்கு 60 என்பது உடலிலிருந்து சுமார் 0.8 மில்லிமீட்டர். இது முதல் செல்லின் மையத்துக்கான தூரம்; செல்லின் தடிமன் இதைப் போல இரு மடங்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்.

இனி, மொத்தத் தடையை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். இந்தக் கப்பலின் தடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு உராய்வு; மீதி அழுத்தத் தடை. மெஷ் கரடாக இருந்தால் உராய்வு குறைந்தும், அழுத்தத் தடை பொய்யாகக் கூடியும் வரலாம். இரண்டும் சேர்ந்து சோதனைத் தொட்டி மதிப்போடு அழகாகப் பொருந்திவிடும்! இரண்டையும் தனித்தனியே எழுதிவைத்து, உராய்வை ஐடிடிசி 1957 கோட்டோடு (உராய்வை மதிப்பிடும் நிலையான சூத்திரம்) ஒப்பிடுங்கள். கோட்டிலிருந்து வெகுவாக விலகினால் ஒய் பிளஸைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

செல்லின் நீளத்தை மூன்று திசையிலும் 1.414ஆல் வகுத்தால் எண்ணிக்கை சுமார் 2.8 மடங்காகும். உங்கள் இரு மெஷ்களும் அப்படி உருவானவை என்றால், 80 லட்சத்தில் மூன்றாவதை ஓட்டுங்கள். கடைசி இரு விடைகளின் இடைவெளி முதல் இடைவெளியைவிடத் தெளிவாகச் சுருங்கியிருந்தால் விடை நிலைகொள்கிறது. சுருங்காமல் மேலும் கீழும் ஆடினால், கணக்கு உறுதிநிலையை (விடை மேற்கொண்டு மாறாத நிலை) அடைந்ததா என்று பாருங்கள். மெஷ்ஷின் மேல் பழி போடுவது அதற்குப் பிறகுதான்.

80 லட்சத்துக்குக் கணினி இடம் தராவிட்டால், சமச்சீரைப் பயன்படுத்திப் பாதிக் கப்பலை மட்டும் கணக்கிடுங்கள். அப்போதும் போதவில்லை என்றால் கப்பலுக்கு வெகு பின்னால் உள்ள செல்களைப் பெரிதாக்கலாம். அங்கே அலை மங்குவதால் தடையில் பெரிய மாற்றம் வராது. முகப்புக் குமிழிலும் பின்முனையிலும் மட்டும் கை வைக்காதீர்கள்.