மனைப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள்

அன்புள்ள அம்மா,

உங்கள் பையனுக்கு அரசுக் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் கிடைத்தும், "வெயிலில் சைட்டில் நிற்கிற வேலைதான் மிஞ்சும்" என்று உங்கள் தம்பி சொன்னதால், மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ படிக்கவைக்க 18 லட்சம் புரட்டப் பார்க்கிறீர்கள். வேண்டாம். 11 சதவீத வட்டி, 10 ஆண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 24,800 ரூபாய். கட்டி முடிக்கும்போது 30 லட்சத்தைத் தொடும். கையெழுத்துப் போடப்போவது தம்பி அல்ல, நீங்கள்.

பையன் எந்நேரமும் பஸ் ரூட் வரைந்துகொண்டு, எந்த ஸ்டாப்பில் ஏன் கூட்டம் என்று கணக்குப் போடுகிறான் என்று குறைபட்டிருக்கிறீர்கள். அதற்கென்றே சிவிலுக்குள் ஒரு துறை இருக்கிறது: ஏஜென்ட் சிமுலேஷன் மூலம், அதாவது ஒவ்வொரு பயணியையும் கணினிக்குள் ஒரு பாத்திரமாக்கி, போக்குவரத்துக் கொள்கைகளைச் சோதிப்பது.

2021 மே மாதம் தமிழகத்தில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குப் பயணம் இலவசமானது. கட்டணம் உள்ள டீலக்ஸைப் போகவிட்டு அடுத்த இலவச பஸ்ஸுக்கு எத்தனை பேர் காத்திருப்பார்கள்? வட்டார சராசரிகள் இதைச் சொல்லாது. ஆண், பெண், வேலை நேரம், வண்டி உண்டா இல்லையா என்று ஒவ்வொருவரையும் தனித்தனி ஏஜென்ட்டாகக் கணினிக்குள் உருவாக்க வேண்டும். மேட்சிம் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்கிறது. ஏஜென்ட்டுகள் ஒரு நாளை வாழ்கிறார்கள். அந்த நாளுக்கு மதிப்பெண் விழுகிறது. ஒரு பகுதியினர் வழியையோ வாகனத்தையோ கிளம்பும் நேரத்தையோ மாற்றிப் பார்க்கிறார்கள். சில நூறு சுற்றில் மதிப்பெண் நிலைப்படும். பிறகு கட்டணத்தை மாற்றி மறுபடி ஓட்டி, இரண்டையும் ஒப்பிடுவார்கள்.

இந்த விடுமுறையில் பையனே செய்து பார்க்கலாம். மேட்சிம் ஓடத் தேவையான ஜாவா மென்பொருள், 16 ஜிபி நினைவகமுள்ள லேப்டாப், ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்திலிருந்து தாம்பரம்–வேளச்சேரி அளவுக்கு ஒரு துண்டு இருந்தால் தொடங்கிவிடலாம். அந்த வரைபடத்தை, தூரத்தை மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு (சென்னைக்கு 44 வடக்கு மண்டலம்) மாற்ற மறந்தால் தூரமெல்லாம் டிகிரியில் வந்து எல்லாம் குப்பையாகும். 10 சதவீத மக்களை மட்டும் ஓட்டினால் சாலைக் கொள்ளளவையும் 0.1 ஆக்க வேண்டும். இல்லையென்றால் அண்ணா சாலை நள்ளிரவு போலக் காலியாக இருக்கும். பஸ் இருக்கைகளையும் அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் எந்த பஸ்ஸும் நிரம்பாது. வழக்கமான அமைப்பில் வண்டிகள் வரிசை மாறாமல் போகும். நம் ஊர் டூவீலர் சந்தில் நுழைவதற்கு 'சீபேஜ்' வரிசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே ஓட்டத்தை நம்பக் கூடாது. ரேண்டம் சீடை (தற்செயல் தேர்வுகளைத் தொடங்கிவைக்கும் எண்ணை) மாற்றி 10 முறையாவது ஓட்டினால்தான், தெரிகிற வித்தியாசம் கொள்கையாலா, தற்செயலா என்று புரியும். எல்லாவற்றுக்கும் முன்னால், கொள்கை மாறாத நிலையின் முடிவு உண்மையான வாகன எண்ணிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான்.

சிவில் முடித்து, எம்.டெக் சேர்க்கைக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் சென்னை ஐஐடி, திருச்சி என்ஐடியில் போக்குவரத்துப் பொறியியல் எம்.டெக் உண்டு, உதவித்தொகை மாதம் 12,400 ரூபாய். வேலைகள் ஐடி அளவுக்குக் குவிந்து கிடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பைத்தான் நிரல்மொழியும் புள்ளியியலும் கைவசம் இல்லாதவனுக்கு இது ஆகாது.

தம்பியிடம் இனி கேட்காதீர்கள். பையனை ஒரு மாதம் இதில் விடுங்கள். கணினிக்குள் பஸ்கள் சிக்கி நிற்கும்போது எரிச்சலோடு மூடிவைக்கிறானா, ஏன் என்று தோண்டுகிறானா என்று பாருங்கள். மூடிவைத்தாலும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் சிவில் பட்டம் மிஞ்சும், கடன் மிஞ்சாது. சீட்டை உறுதிசெய்யும் கெடு முடிவதற்குள் கட்டணத்தைக் கட்டிவிடுங்கள்.