துப்பாக்கிச் சட்டம்: கேட்டவையும் சொன்னவையும்

நியூ ஜெர்சிக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. சனிக்கிழமைகளில் ஒரு சுடும் கிளப்பில் பாதுகாப்பு மேற்பார்வைக்கு நிற்கிறேன், சம்பளம் கிடையாது. வானில் வீசும் களிமண் தட்டைச் சுடும் விளையாட்டுக்காக வீட்டில் ஒரு ஷாட்கன் இருக்கிறது. துப்பாக்கிச் சட்டம் இன்னும் இறுக வேண்டும் என்கிற கட்சி நான். நான் வக்கீல் இல்லை. நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரைப் போட்டு, வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

எடிசன்: துப்பாக்கியும் வைத்துக்கொண்டு, சட்டமும் வேண்டும் என்கிறீர்களே. முரண்பாடாக இல்லையா?

கார் ஓட்டுகிறவன் ஓட்டுநர் உரிமம் வேண்டாம் என்று சொல்ல வேண்டுமா என்ன? நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். நியூ ஜெர்சியில் முதலில் உள்ளூர் போலீஸிடம் துப்பாக்கி வாங்குவதற்கான ஓர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை எடுப்பார்கள். மனநல சிகிச்சைப் பதிவுகளைத் தேடிப் பார்க்கச் சம்மதம் கேட்பார்கள். நம்மை நன்கு தெரிந்த இரண்டு பேரின் பெயர் தர வேண்டும். நான் பக்கத்து வீட்டுக்காரரையும், கூட வேலை பார்க்கும் ஒரு தம்பியையும் கொடுத்தேன். மறுவாரம் அந்தத் தம்பி போன் செய்தான். குரலே மாறியிருந்தது. "அண்ணே, போலீஸ்ல இருந்து மெயில் வந்திருக்கு. நீங்க குடிப்பீங்களா, கோபக்காரரான்னு எல்லாம் கேட்கிறாங்க. வீட்டில ஏதாவது பிரச்சனையா?"

அவன் கேட்டானே, அதுதான் எனக்குப் பிடித்தது. நான் துப்பாக்கி வாங்கப் போகிறேன் என்பது என்னைத் தவிர இரண்டு பேருக்காவது தெரிந்தது. அட்டை கைக்கு வர ஏழு வாரம் ஆனது. கைத்துப்பாக்கி என்றால் ஒவ்வொன்றுக்கும் தனி பர்மிட், முப்பது நாளைக்கு ஒன்றுதான். டெலவேர் ஆற்றைத் தாண்டிப் பென்சில்வேனியாவுக்குப் போனால் இந்த அட்டைக் கதையே கிடையாது. அங்கே உள்ளவர் கடையில் படிவம் 4473 நிரப்பி, உடனடிச் சோதனையில் தேறினால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு போகலாம்.

பார்சிப்பனி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

கூடாது. குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. வக்கீலைக் கேட்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள். கிரீன் கார்டு வந்தால் நிலைமை வேறு.

சிகாகோ: எங்கள் ஊரில் சட்டம் கடுமை, கொலையும் அதிகம். உங்கள் வாதம் அங்கேயே அடிபடவில்லையா?

இந்தக் கேள்வி வரும் என்று தெரியும். உங்கள் நகரின் தென்கிழக்கு எல்லையைத் தாண்டினால் இந்தியானா. சிகாகோவில் போலீஸ் கைப்பற்றி, எங்கே வாங்கியது என்று தடம் பார்த்த துப்பாக்கிகளில் பாதிக்கும் மேல் வெளி மாநிலத்தவை; அதில் முதலிடம் இந்தியானாவுக்குத்தான். ஒரு வீட்டுக்காரர் மட்டும் கொசுவலை கட்டினால் தெருவில் கொசு ஒழியுமா? எங்கள் மாநிலத்திலும் இதே கதை. தெற்கிலிருந்து ஐ-95 நெடுஞ்சாலை வழியாக வருகின்றன. அந்தச் சாலைக்கு 'இரும்புக் குழாய்' என்றே பட்டப்பெயர்.

கடையில் வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு. 1993-இன் பிராடி சட்டம் கொண்டுவந்தது அது. கடைக்காரர் அல்லாத ஒருவர் தன் மாநிலத்துக்காரர் இன்னொருவருக்கு விற்றால் மத்திய சட்டம் எந்தச் சோதனையும் கேட்பதில்லை. சில மாநிலங்கள் தாமாக அந்த ஓட்டையை அடைத்திருக்கின்றன, பல அடைக்கவில்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மூன்று வேலை நாளுக்குள் சோதனை முடியாவிட்டால் கடைக்காரர் கொடுத்துவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி அப்படித்தான் போனது. சோதனை முடிந்திருந்தால் கிடைத்திருக்காது. இதைத்தான் நான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: நினைத்த நேரத்துக்கும் கையில் வரும் நேரத்துக்கும் நடுவே ஓர் இடைவெளி வேண்டும்.

ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்: குற்றவாளி சட்டத்தை மதிக்கவா போகிறான்? நல்லவன் கையைத்தான் கட்டுகிறீர்கள்.

2023-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,728 பேர். அதில் தற்கொலை 27,300. கொலை 17,927. பாதிக்கு மேற்பட்டவர்கள் அடுத்தவரைக் கொன்ற குற்றவாளியும் இல்லை, குற்றவாளியிடம் மாட்டியவரும் இல்லை. நம்மைப் போல வேலைக்குப் போய், வீட்டுக் கடன் கட்டிக்கொண்டிருந்தவர்கள். ஒரு மோசமான இரவு, மேசை இழுப்பறையில் துப்பாக்கி. நல்லவன், கெட்டவன் என்று பிரித்தால் இவர்களை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

அதே ஃப்ரிஸ்கோ நண்பர்: சாக வேண்டும் என்று முடிவெடுத்தவன் வேறு வழி பார்ப்பான். துப்பாக்கியைக் குறை சொல்லி என்ன பயன்?

இதற்கு நான் பதில் எழுதுவதற்குள் டொரோண்டோவிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்து அக்கா எழுதிவிட்டார். அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்: "தம்பி, எங்கட ஊரில வீட்டுக்கு வீடு தோட்டத்துக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் இருக்கும். சண்டை பிடிச்ச கோபத்தில எடுத்துக் குடிச்சதுகள் எத்தனை பேர். நஞ்சு கூடின மருந்துகளை அரசாங்கம் தடை செய்த பிறகு அந்தச் சாவு குறைஞ்சதை நான் கண்ணால பாத்தனான்."

அக்கா சொல்வது உலகத்துக்கே பாடமான கணக்கு. 1995 வாக்கில் இலங்கையில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 பேர், உலகிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. கொடிய நஞ்சு மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 2008-க்குப் பிறகு பாராகுவாட் என்ற களைக்கொல்லி உள்ளிட்ட மூன்றையும் நிறுத்தினார்கள். 1995-இலிருந்து இருபது வருடத்தில் அந்த விகிதம் எழுபது சதவீதத்துக்கு மேல் சரிந்தது. மனிதர்களின் கவலை தீர்ந்து போகவில்லை, 2009 வரை போர் கூட நடந்துகொண்டிருந்தது. அந்த நிமிடத்தில் கைக்கு எட்டியது முன்பு போல் கொல்லவில்லை, அவ்வளவுதான். ஒரு முறை முயன்று பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. துப்பாக்கி அந்த இரண்டாம் வாய்ப்பைப் பெரும்பாலும் தருவதில்லை.

மறுபடியும் ஃப்ரிஸ்கோ: பூச்சிமருந்து வைத்திருப்பது யாருடைய அரசியல் சட்ட உரிமையும் இல்லை. துப்பாக்கி வைத்திருப்பது உரிமை.

சரி, இது நியாயமான மறுப்பு. 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அது தனிமனித உரிமை என்றே சொன்னது. 2022-இல் புரூயன் வழக்கில் வெளியே துப்பாக்கி எடுத்துப்போவதற்கு நியூயார்க் வைத்திருந்த நூறு வருடப் பழைய கட்டுப்பாட்டையும் அடித்துப் போட்டது. எனக்கு அந்தத் தீர்ப்பு பிடிக்கவில்லை. ஆனால் 2024-இல் ரஹிமி வழக்கு வந்தது. குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் செல்லுமா என்று கேள்வி. எட்டுக்கு ஒன்று என்று செல்லும் என்றார்கள். வழக்கு உங்கள் டெக்சாஸிலிருந்துதான் போனது. உரிமை என்றால் வேலியே கூடாது என்று அந்த நீதிமன்றமே சொல்லவில்லை.

அக்காவும் நீங்களும் இதற்குப் பிறகு பதினாறு பதில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறீர்கள். கடைசியில் பேச்சு இரண்டு அரசாங்கங்களின் யோக்கியதையில் போய் நிற்கிறது. அதை நீங்கள் இருவரும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டாலஸ்: எச்-1பி விசாவில்…

பார்சிப்பனிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

மெல்பர்ன்: ஆஸ்திரேலியாவைப் பற்றி ஒரு வார்த்தை?

உங்களுக்குத் தெரியாததா! 1996 ஏப்ரல் 28, போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டார்கள். பன்னிரண்டாவது நாள் எல்லா மாநிலங்களும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. பிரதமர் ஜான் ஹோவர்ட் வலதுசாரி. தன் கட்சி ஆதரவாளர்கள் முன்னாலேயே குண்டு துளைக்காத உடுப்பு போட்டுக்கொண்டு பேசப் போனவர். ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகளை அரசு காசு கொடுத்து வாங்கி உருக்கியது. அந்தக் காசுக்காக மருத்துவ வரியை ஒரு வருடம் 0.2 சதவீதம் கூட்டினார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று: அங்கே லைசென்ஸ் கேட்டால் தக்க காரணம் சொல்ல வேண்டும், 'தற்காப்பு' தக்க காரணம் ஆகாது. அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அதையே முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். அதனால் அங்குள்ளதை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. நான் சொன்ன இடைவெளியையும், வீட்டில் பூட்டி வைக்கும் வழக்கத்தையும் கொண்டுவரலாம்.

சான் ஹோசே: சுவிட்சர்லாந்தில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி, கொலை இல்லையே?

அங்கே கைத்துப்பாக்கி வாங்கப் பர்மிட் வேண்டும். ராணுவத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பவருக்கு இப்போது தோட்டா கொடுத்து அனுப்புவதில்லை. உதாரணம் சொல்வதற்கு முன்னால் அந்த ஊர்ச் சட்டத்தையும் ஒரு தடவை படித்துவிடலாமே.

ராலி: பூட்டி வைத்தால் திருடன் வரும்போது என்ன செய்வது?

விரல் ரேகையில் இரண்டு நொடியில் திறக்கும் சிறு பெட்டிகள் விற்கிறார்கள். பூட்டி வையுங்கள், தோட்டாவைத் தனியே வையுங்கள். 2021-இல் மிச்சிகனில், ஆக்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் பதினைந்து வயதுப் பையன் பள்ளியில் நான்கு பேரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி வாங்கிக் கொடுத்தது அப்பா, வாங்கி நான்கே நாள் ஆகியிருந்தது. அப்பா, அம்மா இருவருக்கும் 2024-இல் பத்து முதல் பதினைந்து வருடம் சிறை. 2020-லிருந்து இந்த நாட்டில் ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கிதான். பூட்டி வையுங்கள்.

பிளெயின்ஸ்போரோ: மகளை அவள் தோழி வீட்டுக்கு விளையாட அனுப்புகிறேன். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

தங்கச்சி, ஒவ்வாமை பற்றிக் கேட்கிறீர்கள்தானே? "அவளுக்கு நிலக்கடலை ஆகாது. அப்புறம், வீட்டில் நாய் இருக்கிறதா, துப்பாக்கி இருக்கிறதா, இருந்தால் பூட்டியிருக்கிறதா?" ஒரே மூச்சில் கேட்டுவிடுங்கள். துப்பாக்கி வைத்திருக்கும் ஒழுங்கான ஆள் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார். என்னைக் கேட்டால் பெட்டியையே காட்டுவேன்.

ஹூஸ்டன்: நான் எச்-1பி. வாங்கவில்லை, நண்பரோடு ரேஞ்சுக்குப் போய் வாடகைக்கு எடுத்து ஒரு தடவை சுடலாமா?

வாடகைத் துப்பாக்கியும் துப்பாக்கிதான். ஐயா, இது மூன்றாவது. விசா என்ற சொல் உள்ள கேள்விகளை இனி படிக்கப் போவதில்லை.

ஊர் சொல்ல விரும்பாதவர், நியூ ஜெர்சி: என் நண்பனுக்கு வேலை போய் மூன்று மாதம். மனைவி பிள்ளைகளோடு ஊருக்குப் போய்விட்டார். தினமும் குடிக்கிறான். "நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன" என்கிறான். அவனிடம் கைத்துப்பாக்கி இருக்கிறது. என்ன செய்வது?

மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதற்கு எழுதுகிறேன். இன்றே நேரில் போங்கள், தனியே விடாதீர்கள். சாகும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் புதிதாக வந்துவிடாது. அவன் பக்கத்திலிருந்து 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அழையுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். உடனே ஏதாவது செய்துகொள்வான் என்று பட்டால் அவசர எண் 911.

துப்பாக்கியை நீங்களே வாங்கி உங்கள் வீட்டில் வைக்காதீர்கள். இங்கே பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி கைமாறுவது குற்றம். காரில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கும் போகாதீர்கள். உள்ளூர் போலீஸுக்கு முதலில் போன் செய்து நிலைமையைச் சொல்லுங்கள். 2019 செப்டம்பரிலிருந்து நியூ ஜெர்சியில் ஒரு சட்டம் இருக்கிறது: குடும்பத்தாரோ போலீஸோ நீதிமன்றத்தில் கேட்டால், ஆபத்தில் இருப்பவரின் துப்பாக்கியைத் தற்காலிகமாக எடுத்து வைக்க உத்தரவு கிடைக்கும். அது குற்ற வழக்கு இல்லை. நண்பர் என்ற முறையில் நீங்கள் மனு போட முடியாது, ஆனால் போலீஸைப் போடச் சொல்லலாம். அவன் மனைவியிடமும் பேசுங்கள்; எவ்வளவு கோபத்தில் போயிருந்தாலும் இதைக் கேட்டால் போனை எடுப்பார்.

பேசும்போது "துப்பாக்கியைக் கொடு" என்று ஆரம்பிக்க வேண்டாம். "சாப்பிட்டாயா" என்று ஆரம்பியுங்கள். ஏதாவது வாங்கிக்கொண்டு போங்கள்.

போய்விட்டு எனக்குத் தனியே ஒரு வரி எழுதுங்கள், எத்தனை மணியானாலும் பரவாயில்லை. மீதிக் கேள்விகளை நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.